நிகில் தோளில் ஹேமாவதியின் பயம்

பிள்ளை குட்டி இல்லாத நிகிலுக்கு, முகம்கூடப் பார்த்திராத ஒரு சிறுமிக்கு மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் நாவலூர் ஆபீஸின் நான்காவது மாடியில் வந்தது. வந்த பயம் ஒரு கறுப்பு நீர்க்கோழி. அவன் இடது தோளில் ஏறி உட்கார்ந்து சட்டையை நனைத்தது.

அந்த மாடியில் ஊழியர்களின் மன அழுத்தம் குறைய ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணெதிரே ஓர் ஏரி விரியும். மனதை அரிப்பது எதுவோ, அது பறவையாக நெஞ்சிலிருந்து எழும்பித் தண்ணீரில் இறங்கிவிடும். ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு ஏரி. மேனேஜர், மாமியார், டெட்லைன் எல்லாம் கொக்கும் நாரையுமாக அங்கே மேய்ந்தன. ஆட்கள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். உட்காராதவர்களுக்கு எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது.

காலேஜில் அடுத்தவன் அட்டெண்டன்ஸுக்கு பிராக்ஸி கொடுத்துப் பழகிய கூட்டம் அது. "அக்கா, எனக்குக் கிளையன்ட் கால். என் லாகின்ல நீங்க உக்காந்துடுங்களேன்" என்றான் நிகில். "உனக்கும் சேத்து நானே நிம்மதியா இருக்கணுமா? காபி வாங்கித் தா" என்றாள் பக்கத்து சீட்டு ஹேமாவதி. அவள் மகள் மிருதுளாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்தக் குழந்தையைப் பற்றிய பயம் மொத்தமும் நிகிலின் ஏரியில் போய் இறங்கியது. அடுத்த முறை அவன் ஹெட்செட்டை மாட்டியபோது, அது அவனோடு வெளியே வந்துவிட்டது.

பெருங்களத்தூரில் ஹேமாவதி வீட்டில் குழந்தைக்கு நெஞ்சு இறுகினால், மேடவாக்கத்துத் தன் அறையில் இருந்த நிகிலின் தோளில் பறவைக்கு மூச்சு இழுத்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஹேமாவதியிடம் மருந்தின் பெயரைக் கேட்டு ஓர் இன்ஹேலர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். "பாப்பா எப்படியிருக்கா அக்கா?" என்று ஓயாமல் கேட்டான். "அவளுக்கென்னடா, நல்லாத்தான் இருப்பா" என்றாள் ஹேமாவதி. வீட்டு இன்ஹேலர் தீர்ந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

தாங்க முடியாமல் ஒரு சனிக்கிழமை அவள் குடியிருப்பைத் தேடிப் போனான். பெருங்களத்தூரில் பண்டிகைக்கு ஊர் போகும் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்ட நேரத்தில், தோளில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பறவை சட்டென்று சத்தமில்லாமல் அலகைத் திறந்தது. பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் மிருதுளா உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். "தூங்கறாப்பா. எழுந்தா சரியாயிடும்" என்று மாவை வழித்துக்கொண்டே சொன்னாள் ஹேமாவதி. குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி மருந்தை அழுத்தினான். முதலில் பறவை மூச்சு விட்டது. பிறகு குழந்தை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹேமாவதி கேட்டாள்: "எனக்குப் பயமே வரல நிகில். வந்திருக்கணும், இல்ல?" வேலைக்குத் திரும்பியதும் தன் லாகினில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்த்தாள். ஏரி காலியாகக் கிடந்தது. ஏறி உட்காரச் சொல்லித் தன் தோளைக் காட்டினாள். பறவை அவளை யாரோ என்று பார்த்தது. ஒருவர் தரவை இன்னொருவருக்கு மாற்ற வழியில்லை என்று ஹெட்செட் விற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.

நிகில் அதே குடியிருப்புக்குக் குடிவந்து மூன்று வருஷமாகிறது. மிருதுளா பள்ளிக்கூடத்துக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். ஈரச் சட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாலையில் கேட் அருகே அவன் முகம் வெளிறி நின்றால், வாட்ச்மேன் சுந்தர்சிங் வந்து பறவையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பார்.

"நல்லாதான் மூச்சு வுட்டுகினு கீது சார். போ, போய் சாப்புடு."