மண்ணிறம் காயும்வரை

“துடைக்காதேங்கோ எண்டெல்லே சொல்லுறன். கறிச்சட்டியே கழுவுறீங்கள்?”

கிருபனின் கை நின்றது, பஞ்சில் அயடினின் மண்ணிறம் ஏறியிருந்தது, மனைவி பிரஷாந்தினியின் வலது முழங்காலுக்குக் கீழே, கால் முடிந்துபோகிற இடத்தில், புண் சிவந்து வாய் திறந்திருந்தது, அவன் மறுபடியும் மருந்தைத் தொட்டு நடுவிலிருந்து வட்டமாக வெளியே பூசினான், காலையில் கிளினிக்கில் தாதி மிஸ்ஸி காட்டித்தந்தபடி... “அயடின் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் இறங்கும் தம்பி, அந்த நிறம் இருக்கும்வரைக்கும் கிருமியைக் கொல்லும், உடனை துடைச்சால் பூசாத மாதிரித்தான்,” என்றவர், பிள்ளை, யார் துடைச்சது என்று இவளைக் கேட்டார், நான்தான் மிஸ்ஸி, சீலையிலை படும் எண்டு, என்றாள் இவள், கண்கூட இமைக்காமல். அவன் சுவரிலிருந்த டெங்கு அறிவித்தலை முதல் வரியிலிருந்து படித்தான். ஏன் வாய் திறக்கவில்லை? துடைத்தது அவனல்லவா? போன கிழமை முல்லைத்தீவில் சிநேகிதன் பிரதீபனின் கலியாணம், புண் அப்போதே தொடங்கியிருந்தது, ஊன்றுகோலோடு வாறன் என்று அவள் சொன்னாள், அவன்தான் மருந்தைப் பூசி, காய்வதற்குள் துடைத்து, உறையை இழுத்துச் செயற்கைக்காலை மாட்டிவிட்டான், ஒரு நாள்தானே என்று. சீலைக்குக் கீழே இரண்டு செருப்பும் தெரிய அவள் மண்டபத்துக்குள் நடந்தபோது அவன் வேலைசெய்யும் கந்தோர் ஆட்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது... நிம்மதி, அதுதான் சொல், அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? பந்தியில் பசியில்லை என்றாள், அவளுடைய வடையையும் அவனே சாப்பிட்டான்.

ஈரம் அடங்கி நிறம் தோலில் இறுகிக்கொண்டிருந்தது. எரியுதோ என்று கேட்டான். “கொஞ்சம். அங்கை உயிர் இருக்கெண்டு சந்தோசப்படுங்கோ,” என்று சிரித்தாள். அவன் ஏன் அவசரப்பட்டான் என்று அவளுக்குத் தெரியும், அன்றைக்கு மாட்டிவிடும்போதே தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டுதான் மிஸ்ஸியிடம் பொய் சொன்னாள், அவனைக் காப்பாற்றவா, இல்லை, அதைக் கேட்டுக்கொண்டு அவன் நிற்கட்டும் என்றா...

“இஞ்சேருங்கோ, நாளைக்கு வட்டக்கச்சியிலை அக்காவின்ரை புதுவீடு குடிபூரல்.” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “கால் போடேலாது, ஊன்றுகோலோடைதான் வருவன். நீங்கள் முன்னுக்குப் போகாமல், படலையடியிலையிருந்து என்ரை பக்கத்திலை நடந்து வாறீங்களே?”