சாம்பல்மேல் போட்ட பாத்தி

1.

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு பத்திரிகை கட்டுரைதான் கேட்டது: வரும் ஆண்டுக்கான தோட்டம், இயற்கைக்கு இணக்கமாக, அதிகம் பாடுபடாமல். வடசென்னை எர்ணாவூரில் ஆறு தொட்டியையும் ஒரு முருங்கையையும் வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகத் தோட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். எழுதவும் செய்தேன். நான்காவது வரியில் கை நின்றுவிட்டது.

அந்த வரி: 'சாம்பல் செடிக்கு நல்லது.'

2.

தொடக்கம் ஒன்று: தை பிறந்ததும் மண்ணைக் கிளறிவிடுங்கள். மண்புழு தென்பட்டால்…

[நிறுத்து. அங்கே மண்புழு கிடையாது. நானே முழங்கை வரை கையை விட்டுத் தோண்டிப் பார்த்தேன்.]

தொடக்கம் இரண்டு: பூவம்மா என்று ஒருத்தி எங்கோ கடலோரத்தில்…

[எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறேன் பார்த்தீர்களா! பூவம்மா அக்கா பக்கத்து வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாத்திரம் தேய்ப்பது இப்போதுகூடக் கேட்கிறது.]

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

3.

போன வருட மழையில் அவர் கொல்லையில் முழங்கால் வரை தண்ணீர். தரையை உயர்த்தியே ஆகவேண்டும். அப்போதுதான் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"மோகனா, லாரிக்காரன் ஒர்த்தன் சாம்பலு ஒரு லோடு சும்மாவே தரானாம். கொல்லைல கொட்டிக்கட்டா? செடி கிடி வெச்சா வருமா?"

"சாம்பல் செடிக்கு நல்லதுதான்கா. தாராளமா கொட்டிக்கோ."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிவிட்டேன்.*

* அடுப்புச் சாம்பலைக் கீரைக்குத் தூவுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் லாரி நிறைய அடுப்புச் சாம்பல் எந்த ஊரில் கிடைக்கும்? ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், பாவி.

மேலே ஒரு சாண் செம்மண் போட்டுப் பாத்தி கட்டினார். கீரை தளதளவென்று வந்தது. போன மாத மழை செம்மண்ணை அரித்த பிறகுதான் அடியில் கிடந்ததைப் பார்த்தேன். முகத்துக்குப் போடும் பவுடர் போல நைசாக, ஈரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகி. அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல்.

4.

கார்குழலியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் இல்லையென்றால் இது வெறும் மண்ணைப் பற்றிய கதை, நிம்மதியாக எழுதலாம். ஆனால் பூவம்மா அக்காவின் ஒரே மகள் அவள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம்.

"சித்தி, டெய்லி கீர. அம்மா உசுர எடுக்குது. டாக்டரம்மா ரத்தம் கம்மியா கீதுன்னுட்டாங்கோ, அதான்."

"கடையில வாங்குனா போதாதா?"

"நீங்கதான் சொன்னீங்களாமே, நம்ம கொல்ல கீர மாரி வராதுன்னு!" சிரித்தாள்.

நான்தான் சொன்னேன்.

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக் மாதிரி நஞ்சு இருக்கக்கூடும் என்று படித்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கீரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பரிசோதனைக்கு ஒரு பை மண் அள்ளி வைத்தேன். பதினேழு நாளாகக் கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. முடிவு வந்துவிட்டால் சொல்லியாக வேண்டுமே!

5.

இதில் பூவம்மா அக்கா என்னிடம் ஒரு திட்டம் வேறு கேட்டிருக்கிறார்.

"வர்ற வருசம் பேரப்புள்ள கைல இருக்கும். தண்ணி ஊத்திக்கினு நிக்க முடியாது. தானா வளர்ற மாரி எழுதிக் குடு. பட்டாம்பூச்சி, தேனீல்லாம் வரணும். கொயந்த தவழ்ந்துகினு பாக்கட்டும்."

தவழ்ந்துகொண்டு. அந்த மண்ணில்.

எழுதினேன்: ஆவாரை, நித்தியகல்யாணி, கற்பூரவல்லி, வேலியோரம் நொச்சி. மழைநீர் தேங்க ஒரு பள்ளம். உதிர்ந்த இலையைப் பெருக்க வேண்டாம். எல்லாம் சரிதான். முதல் வரி மட்டும் பாதியில் நிற்கிறது: 'முதலில் பழைய மண்ணை…'

6.

முடிவுகள்.

அ) சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஒன்றுமில்லை என்று முடிவு வருகிறது. "இதுக்கா இப்டி பேஜாரான?" என்று அக்கா சிரிக்கிறார்.

ஆ) சொல்லிவிடுகிறேன். முடிவு வேறு மாதிரி வருகிறது. கார்குழலி என்னை…

[இதை எழுத மாட்டேன்.]

இ) சொல்வதில்லை. கல்லுப்பைக் கரைத்துச் சுவர் வழியே பாத்தியில் ஊற்றிவிடுகிறேன். கீரை கருகிப்போகும். யாருக்கும் எதுவும் தெரியாது.

[உங்களிடம் மறைப்பானேன்? உப்பு வாங்கிவிட்டேன். இரண்டு கிலோ.]

7.

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வாசலில் குரல்.

"மோகனா! கதவத் தொற. கீர மசியல் எத்தாந்துகீறேன், சூடா கீது. இவ இன்னும் துண்ணல. உன்கூட சேந்துதான் துண்ணுவாளாம்."

"சித்தி, சீக்கிரம்! கால் வலிக்குது."

பதினோரு வருடமாக முதல் வரி எழுதிப் பிழைத்தவள் நான். இப்போது ஒன்று வேண்டும், வருவதாக இல்லை.

அக்கா, அந்தச் சாம்பல்…

கார்குழலி, அதைச் சாப்பிடாதே, ஏன்னா…

நான் ஒரு தப்பு…

எழுந்துவிட்டேன். ஒரு கையில் பேனா, ஒரு கை தாழ்ப்பாளில். இதில் எதை முதலில் சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சி பசியோடு நிற்கிறாள்.