இரண்டாம் எண் இல்லாத இன்ஜின்

சுயம்பு தரவேண்டியது எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். தீபாவளிக்கு முன் அவனுடைய டெம்போ இன்ஜினைப் பிரித்துக் கட்டியதில் நின்ற பாக்கி. பொங்கலுக்குள் அதே இன்ஜின் டக் டக்கென்று தட்டிக்கொண்டு, தாராவியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பி வந்துவிட்டது.

"பாக்கியக் குடுத்தாத்தான் வண்டி வெளிய போவும்" என்றார் முதலாளி ராஜகுமார்.

"கெட்ட வேலைக்கு எதுக்கு அண்ணாச்சி பைசா? வாஷியில இருந்து காய் கொண்டு போவலைன்னா செம்பூர்க் கடைக்காரன் வேற டெம்போ புடிச்சிருவான்."

"தெறந்து பாப்போம்வே. ஓட்டுனவன் தப்பா, கட்டுனவன் தப்பான்னு இன்ஜினே சொல்லும்."

பிரித்த சாமான்களை டீசலில் கழுவுவது என் வேலை. இடுப்பு விட்டுப்போகும். கண்ணுக்கு மட்டும் வேலை குறைவு, அது பாட்டுக்கு மேயும். நான்கு கனெக்டிங் ராடுகள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பவை. ஒவ்வொன்றின் கீழ்வாயையும் தனியாக ஒரு கேப் மூடும். கேப் மாறிவிடக் கூடாது என்று ராடிலும் கேப்பிலும் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள்.

துடைத்து வரிசையாக வைத்தேன். ஒன்று, மூன்று, மூன்று, நான்கு.

"தம்பி, ரெண்டு எங்க?" முதலாளிதான், ஆனாலும் என்னைவிட இளையவர்.

"இந்த வயசுல எழுத்துப் படிச்சாலும் படிச்சீய சவரியக்கா, நட்டு போல்ட்டக்கூட விடாம வாசிக்கீயளே!" ராஜகுமார் சிரித்தார். "பழைய ரெண்டு வளைஞ்சு போச்சுல்லா? குர்லாவுல பழைய இரும்புக் கபாடியில ஒண்ணு வாங்கிப் போட்டேன். அது வந்த இன்ஜின்ல மூணாம் நம்பரா இருந்திருக்கும்."

சரிதான். ஆனாலும் கையில் இருந்து வைக்க மனம் வரவில்லை. ராடில் அடித்திருந்த எண்ணில், ஒரு மூன்றுக்குத் தலை தட்டை. இன்னொன்றுக்கு உருண்டை. தட்டைத்தலை ராடின் கேப்பில் இருந்ததோ உருண்டைத்தலை மூன்று.

"தம்பி, இதப் பாரு."

அவர் சிரிப்பு நின்றது. கேப்பைப் பொருத்தி முறுக்கி, சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினார். நகம் தட்டியது. கேப்பை மாற்றிப் போட்டு ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போனது.

"கேப்ப மாத்திப் போட்டிருக்கேன். கட்டும்போதே கிராங்கு இறுக்கமாத்தான் சுத்துச்சு" என்றார் மெதுவாக. "புது பேரிங், ஓடுனா சரியாவும்னு விட்டுட்டேன்."

"அப்ப வண்டிய நான் கொல்லலை" என்றான் சுயம்பு.

"இனி சரியான கேப்பப் போட்டு இதையே ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு பாருங்க. வாயும் கோணிட்டு. ஒண்ணும் நாலும் ஓடும். இது ரெண்டும் புதுசுதான் போடணும். என் செலவு."

இரண்டு மூன்றுகளையும் கபாடி டப்பாவில் எறிந்தார்.

"அண்ணாச்சி, பழைய பாக்கி?"

"கேக்க மாட்டேன்."

"இப்பவா, எப்பவுமா?"

"எப்பவும்தாம்வே! போயி டீ சொல்லு."