பித்தப்பைக்குள் ஒரு விரதம்

ஆறு மாதத்துக்கு முன்னால் செஞ்சியில் எடுத்த ஸ்கேனில், சந்தனாவின் பித்தப்பைச் சுவரில் ஒரு பாலிப் தெரிந்தது. பரு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சதை. "முக்காவாசி ஒண்ணும் பண்ணாது. சிலது மட்டும் புற்றா மாறும். வளருதான்னு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர் மகாலட்சுமி.

மறு ஸ்கேனுக்கு எட்டு நாள் இருக்கும்போது சந்தனா, மேல்சித்தாமூர் சமணக் கோயிலில் நின்று உபவாசம் எடுத்துக்கொண்டாள். எட்டு நாளும் பகலில் காய்ச்சிய தண்ணீர் மட்டும், ராத்திரி அதுவும் கிடையாது. வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். புருஷன் ரிஷபனுக்கு அது, வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கி, மல்லாட்டை வியாபாரம் சூடுபிடித்த நேரம். சமண முறைப்படி பொழுது சாய்வதற்குள் வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர் பெண்டாட்டியின் தட்டை எங்கே பார்க்கப்போகிறார்?

ஸ்கேன் மேசையில் படுத்ததும் டாக்டர் கேட்டார். "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து பொழுது சாயறதுக்குள்ள."

உபவாசத்தைக் காப்பாற்ற, பொய் சொல்லாமை என்கிற விரதத்தை ஒரே நொடியில் விட்டுக்கொடுத்தாள் புண்ணியவதி.

டாக்டர் கருவியை விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். இடது பக்கம் புரளச் சொன்னார், எழுந்து உட்காரச் சொன்னார். பிறகு வெளியே காத்திருந்த ரிஷபனை உள்ளே கூப்பிட்டார். "பித்தப்பை பாதி அடைஞ்ச மாதிரி தெரியுது. பெரிய கட்டியா இருக்கலாம். புற்றா இல்லையான்னு பாண்டிச்சேரில பார்த்துடுங்க."

ரிஷபன் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பலனாவது ஒன்றாவது.

"டாக்டரம்மா, பொய் சொல்லிட்டேன். எட்டு நாளா சாப்பிடல. உபவாசம்."

மகாலட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சாப்பிட்டாத்தாம்மா பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். பட்டினி கெடந்தா அது உள்ளேயே நின்னு சேறாட்டம் கெட்டியாயிடும். அதத்தான் நான் கட்டின்னு பார்த்தேனோ என்னவோ! இதுல பாலிப் எங்க, சேறு எங்கன்னு எப்படிச் சொல்றது? ஒரு மாசம் வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க."

வெளியே வந்ததும் ரிஷபன், "இன்னாடி பொம்பள நீ!" என்று திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். அந்த மாதம் முழுக்கக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "வெறும் சேறுதாம்பா, கரைஞ்சிடும்" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவளும் நம்பத் தொடங்கினாள்.

அடுத்த ஸ்கேனில் டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பித்தப்பை தெளிந்து கறுப்பாக இருந்தது. சேறு போய்விட்டது. சுவரில் மட்டும் வெள்ளையாக ஒன்று.

"பொரளுங்கம்மா. மிச்சச் சேறுன்னா நகரும், பாலிப்னா நகராது."

புரண்டாள். நகர்ந்துவிடு, நகர்ந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அதன் அடியில் சிவப்பு மினுக்கியது.

"உள்ள ரத்தம் ஓடுது. காம்பு இல்லாம அகலமா உட்கார்ந்திருக்குது. ஏழு மில்லிமீட்டர் இருந்தது பதினொண்ணாயிடுச்சு. பித்தப்பையை எடுத்துடணும்மா. எடுத்துப் பார்த்தாத்தான் புற்றா இல்லையான்னு உறுதியாத் தெரியும்."

கதவுக்கு வெளியே ரிஷபன் யாரிடமோ போனில், "சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் போனை வைத்தார்.

"கரைஞ்சிடுச்சில்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், வீடு போய்ச் சேரும் வரைக்குமாவது அந்தச் சிரிப்பு இருக்கும். அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

"சேறு கரைஞ்சிடுச்சுங்க. அது கரையல, வளர்ந்திருக்குது" என்றாள். "எனக்குப் பயமா இருக்குது."