இடுப்புக்கு மேலே மட்டும் வேலி

கண்ணுகளா, சம்பந்தி என்கிற உறவு தூரத்தில் இருக்கும்வரைதான் இனிக்கும். தையல்காரம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் மகனுக்கே தன் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் வேலை என்று வேறு ஊருக்குப் பறந்துவிட்டார்கள். மிச்சம் நின்றது இரண்டு அம்மாக்களும், நடுவில் ஒரு துருப்பிடித்த கம்பியும்தான்.

நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். அவள் கண் ஓய்வு பெறவில்லை.

“என்ன சம்பந்தி, முகம் உப்பியிருக்கு? சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியா?”

“முகமும் என்னுது, உப்பும் என்னுது. உங்களுக்குத்தான் இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. சட்டையைக் கொண்டாங்க, பிரிச்சு விடறேன்.”

இதோடு போனால் பரவாயில்லை. பார்த்ததையெல்லாம் அன்றைக்கே போனில் மருமகளிடம் ஒப்பித்துவிடுவாள் நர்ஸம்மா. மருமகள் என்றால் யார், தையல்காரம்மாவின் மகள்தானே. ஒருமுறை அம்மாவுக்கு மயக்கமாக வந்ததற்கே மகள் சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவை உடம்புக்கு ஏதாவதுன்னு கேள்விப்பட்டேன், மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துடுவேன்மா.”

மெஷின் போனால்? மகள் வீட்டு சோபாவில் இன்னொரு தலையணையாகக் கிடக்க வேண்டியதுதான். போதாததற்கு, கொஞ்ச நாளாக அவளுக்குக் கால் வீங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. உயரமாக ஒரு வேலி வந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைத்தாள்.

செடிக்காரர் ஹனிசக்கிள் என்ற வேலிச்செடியில் புதர் வகையைக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன இலை, வருடம் முழுக்கப் பச்சை. கத்தரித்துப் போட்ட கிளைகளிலிருந்து விரல் நீளக் குச்சிகளாக நறுக்கிக் கொடுத்தார். “அடி இலையை உருவிட்டு மணல் கலந்த மண்ணுல சொருகுங்க. நிழல்ல வைங்க, காய விடாதீங்க. முக்கியமா, தொடாதீங்க.”

தொடாமல் இருக்க அவள் என்ன சாமியாரா? தினமும் ஒரு குச்சியைப் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்த்தாள். செடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“உங்களை அடிக்கடி கட்டில்லேர்ந்து இழுத்துப் பார்த்தா நீங்க தூங்குவீங்களா?”

அப்படியும் பாதி பிழைத்தது. கம்பியோரமாக வரிசையாக நட்டாள்.

“இப்ப பாதிக்கு வெட்டி விடுங்க. வளர வளர வெட்டிக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் அடியில கிளை வெடிச்சு அடர்த்தியா வரும்” என்றார் செடிக்காரர்.

தலையை ஆட்டினாள், வெட்டவில்லை. காலமெல்லாம் துணி வெட்டியவள் அவள். வெட்டிய துணி மறுபடி வளர்ந்து அவள் பார்த்ததே இல்லை. ‘வளர்றதைப் போய் வெட்டச் சொல்றான், கூறுகெட்டவன்.’

வேலி கிடுகிடுவென்று ஏறித் தலைக்கு மேல் போனது. தையல்காரம்மா ராணி மாதிரி நடந்தாள். முகம் கழுவாமலே வெளியே வந்தாள். மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஒரு காலையில் துணி உலர்த்தும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“சம்பந்தி, செருப்பு பத்தலையே?”

குனிந்தாள். மேலே பச்சை பொங்கி வழிந்தது; இடுப்புக்குக் கீழே வெறும் குச்சி. அந்தப் பக்கம் நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தது அந்தப் பாழாய்ப்போன வேலி.

“கொசு கடிச்சிருச்சு.”

“ரெண்டு காலையும் ஒரே அளவுக்கா? டேப் வச்சுக் கடிச்சுதா?”

தையல்காரம்மா ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. மெஷினை எடுத்துருவா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“என் காலை விடுங்க, உங்க காலை நீட்டுங்க.”

குச்சிகளுக்கு நடுவே கால் போனது. நர்ஸம்மா கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவே இல்லை.

“எப்பலேர்ந்து?”

“வேலி நடறதுக்கு முன்னாடியிலேர்ந்தே.”

“செடிக்குக் காட்டுன அக்கறையில கொஞ்சம் காலுக்குக் காட்டியிருக்கலாம். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அவகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க. ஆனா தினமும் நான் காலைப் பார்க்கணும். தினமும் மண்ணுல உட்கார்ந்து பார்க்க என் முதுகு தாங்காது. வேலியை வெட்டுங்க.”

“வெட்டிட்டா?”

“அடியிலேர்ந்து அடர்த்தியா வரும்.”

“வர்ற வரைக்கும்?”

“என் மூஞ்சியைப் பார்த்துத் தொலைங்க.”

தோட்டக் கத்தரியை எடுத்தவள், பழக்கதோஷத்தில் டேப்பைப் பிடித்து, சாக்கட்டியால் குச்சியில் குறி போட்டாள்.

“அம்மா தாயே, கல்யாணச் சட்டையா தைக்கிறீங்க? வெட்டுங்க!”

வெட்டினாள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். காலால் மிதித்துத் தைக்கக்கூடாது, மெஷினுக்கு மோட்டார் மாட்டுங்கள் என்றார். தையல்காரம்மாவே மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

“தனியா இருக்கியே, தினமும் காலை யாரும்மா பார்த்துக்குவா?”

“உன் மாமியார்தான். வேலியை வெட்டிட்டேன்.”

“நீயா? வெட்டினியா?”

“முட்டி உயரத்துக்கு.”

மகள் கேட்டாள்: “அந்த மோட்டாரு எந்தக் கடையில கிடைக்கும்?”