நாலு மணி பஸ்ஸில் அண்ணனும் தம்பியும்

எங்கள் ஊரில் வகுத்தல் கணக்கில் அடிபடும் பூஜ்யங்கள் மாலை நாலு மணி பஸ்ஸில் வெளியூர் போய்விடும். அந்த பஸ்ஸுக்கு நான்தான் கண்டக்டர். வகுபடும் எண்ணிலிருந்து ஒன்று, வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்று, இப்படி ஜோடியாக வந்தால்தான் டிக்கெட். மற்றபடி நல்ல பயணிகள். படிக்கட்டில் தொங்கமாட்டார்கள்.

கோடையில் எங்களுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். அன்று வந்தது 2400 குடம். ஊரில் தெருக்கள் 60. இரண்டு எண்களும் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மைதானத்தில் வந்து நின்றன. தண்ணீர் பங்கிடும் ஞானசெல்வி வழக்கம்போல இரண்டிலும் கடைசிப் பூஜ்யத்தை அடித்தார். மிச்சம் 240, 6. ஆறு நாலு இருபத்துநாலு. நாலுக்குப் பக்கத்தில் மிஞ்சிய பூஜ்யத்தை நிறுத்தினால் தெருவுக்கு நாற்பது குடம்.

நிறுத்தலாம் என்று திரும்பினால் அதைக் காணோம். என் பஸ்ஸில் ஏறி, அடிபட்ட பூஜ்யத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கு டிக்கெட் கிடையாதுங்க. எறங்குங்க" என்றேன்.

"இவன் என் தம்பி. பொறந்ததுலேர்ந்து ஒட்டியே நிக்கிறோம். இவன் இல்லாம எனக்கு நிக்கத் தெரியாது."

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அறுபதின் பூஜ்யம், அடுத்த வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட விருந்தாளிபோல ஒடுங்கியிருந்தது.

மைதானத்தில் நாலு மட்டும் தனியாக நின்றது. தெருவுக்கு நாலே குடம். எங்கள் தெரு ரெஜினா, இரட்டைப் பிள்ளை பெற்று இன்னும் மாதம்கூட ஆகாதவள், காலிக் குடத்தோடு அழுதேவிட்டாள். "நாலு குடத்த வச்சுத் தெருவே என்னண்ணே பண்றது?" மறுபடி பூஜ்யத்தின் பக்கம் போனேன். ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துத் தள்ளவும் மனசு வரவில்லை. எனக்கும் வெளியூரில் ஒரு தம்பி இருக்கிறான்.

ஞானசெல்வி பஸ்ஸில் ஏறி அண்ணனையும் தம்பியையும் பார்த்தார். "ரெண்டு பேரும் எறங்குங்க. யாரும் யாரையும் பிரிய வேணாம்" என்றார். பிறகு ஜனங்களிடம் போய், "பத்துப் பத்துத் தெருவா சேர்ந்துக்குங்க. இனிமே நமக்கு ஆறு தெருதான்" என்றார்.

கட்டிலை நகர்த்துவதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீடுகளை நகர்த்தினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறு தெரு ஆயிற்று. நாலுக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் ஒட்டி நின்றார்கள். தெருவுக்கு நானூறு குடம். வீட்டுப் பங்கில் ஒரு சொட்டும் குறையவில்லை. ரெஜினா மூக்கைச் சிந்திவிட்டு, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தாள்.

அறுபதிலிருந்து வந்த பூஜ்யம் மட்டும் பஸ்ஸிலேயே இருந்தது. ஜோடி இல்லாமல் எப்படி டிக்கெட் கிழிப்பது? வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என் மனைவி செண்பகம் சோறு போட்டாள். சாப்பிட்டதும் அது நிற்க இடம் தேடி வீடெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் என் வயதுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. எனக்கு ஐம்பத்துமூன்று.

மறுநாள் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உட்காருங்க தாத்தா, ஐந்நூத்து முப்பது வயசுல நின்னுக்கிட்டே வரலாமா?" என்றாள். உட்கார்ந்துகொண்டே டிக்கெட் கொடுத்தேன்.