மரம் குடித்த தண்ணீர்

"நான் தலையால அடிச்சுக்கிட்டேன், மரத்துல கை வைக்காதடான்னு—"

"இப்ப அந்தப் பேச்சு எதுக்குக்கா? கதவைத் தள்ளு—"

"தள்ளிக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

மூலை அறைக் கதவு அசையவில்லை. உள்ளே தம்பியின் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்து பார்த்தால், கதவு நிலையில் இறுகிக் கிடக்கிறது. ஜன்னலும் அப்படியே, போதாததற்குக் கம்பி வேறு.

கூப்பிட்டதும் வந்த, இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி கதவைத் தொடவே இல்லை. நிலைக்கு மேலே கூரைவரை ஓடிய விரிசலைப் பார்த்தார். விரல் நுழையும் அகலம். சுவரோரம் நின்ற மரம் எங்கே என்று கேட்டார். சருகு விழுந்து கூரையின் மழைத்தண்ணீர்க் குழாய் அடைக்கிறதென்று போன வருஷம் வெட்டியதைத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

மேஸ்திரி வெளியே போய் ஒரு பிடி மண் அள்ளி வந்தார். பிசைந்த மாவு மாதிரி இருந்தது. களிமண், ஈரம் ஏறினால் உப்பும் என்றார். அத்தனை வருஷமும் மரம் குடம் குடமாக உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. இப்போது குடிக்க ஆளில்லை. பத்து நாள் மழை வேறு. மண் வீங்கி, வீட்டின் மூலையை அடியிலிருந்து தூக்குகிறது.

வெயில் காயவைக்காதா என்று தம்பி கேட்டான்.

"வெயிலுக்கு மேல்மண்ணுதான் எட்டும் தம்பி. ஆழத்து ஈரத்தை மேல கொண்டுவந்து காத்துல விடறதுக்கு இலை வேணும்."

தம்பி ஓடிப்போய்க் கடப்பாரையோடு வந்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நிலைதான் இப்ப சுவரைத் தாங்குது. இடிச்சா உள்ள சாயும். கட்டில் எங்க கிடக்கு?"

அந்தச் சுவரோரம்தான்.

முட்டுக் கொடுக்கவும் கம்பி அறுக்கவும் ஆள் வர அரை மணியாகும். அதுவரை அவள் ஜன்னல் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அக்கா கதவிடுக்கில் வாயை வைத்து, பதற்றம் தெரியாத குரலில் சொன்னாள்.

"கட்டிலையும் இழுத்துட்டுப் போகணுமா அண்ணி, நான் மட்டும் போதுமா?" என்றது உள்ளிருந்து குரல்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது; கண்ணும் நிறைந்தது. காலைத் தேய்த்து நடக்கும் சத்தம் இரண்டு எட்டுக் கேட்டது. பிறகு மேலே ஏதோ முறிந்தது. கதவுக்கு அடியிலிருந்து சுண்ணாம்புத் தூசி மெல்ல வெளியே வந்தது.

கடப்பாரை தம்பி கையிலிருந்து நழுவியது. அக்கா தரையில் உட்கார்ந்து அந்த இடுக்கில் முகத்தை வைத்தாள்.

"அம்மாடி, மூலைக்குப் போயிட்டியா? ம்னு ஒரு வார்த்தை சொல்லு."